ஏரிக்கு ஒரு பங்கு

காஞ்சிபுரத்துக்கு நாம் இரண்டு காரியங்களுக்காகப் போகிறோம். ஒன்று சுவாமி தரிசனம். மற்றொன்று பட்டுச் சேலை. இரண்டும் முடிந்தால் நல்ல ஓட்டலாகப் பார்த்து ஒரு காஞ்சிபுரம் இட்லி. பிறகு பஸ்ஸோ காரோ பிடித்து வீடு திரும்ப வேண்டியதுதான். வண்டி ஊர் எல்லையைத் தாண்டும்போது கைகாட்டிப் பலகைகளில் சில பெயர்கள் தோன்றி மறையும். முசரவாக்கம், தாமல், கூரம், புள்ளலூர், தென்னேரி... எந்தத் திசையில் போனாலும் இப்படிச் சில பெயர்கள். அவற்றைப் படித்தவர்கள் நம்மில் ஆயிரம் பேர் இருப்பார்கள். இறங்கிப் பார்த்தவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம். சரித்திரம் என்பது கோபுரத்தில்தான் குடியிருக்கும் என்று நமக்கு எப்படியோ ஓர் எண்ணம் விழுந்துவிட்டது.

கோபுரங்களைக் கட்டியவனும் சோறு தின்றுதான் கட்டினான். அந்தச் சோறு விளைந்தது இந்த ஊர்களில். இந்த ஊர்கள் ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஓர் ஏரி படுத்திருக்கிறது. அந்த ஏரிகளின் சரித்திரத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். ராஜா ராணி வருவார்கள். வெள்ளைக்காரத் துரை ஒருவரும் வருவார். ஆனால் கதாநாயகன் ஏரிதான்.

தொண்டை மண்டலத்துக்குக் காவிரி கிடையாது. "பாலாறு இருக்கிறதே!" என்பீர்கள். இருக்கிறது. கர்நாடகத்து நந்தி மலைப் பக்கத்தில் பிறந்து, ஆந்திரத்தில் கொஞ்ச தூரம் ஓடி, நம் நாட்டுக்குள் புகுந்து, சுமார் 348 கிலோமீட்டர் பயணம் செய்து கடலில் விழுகிற ஆறு அது. ஆனால் வருஷத்தில் பெரும்பகுதி நாள் மணலைக் காட்டிக்கொண்டு கிடக்கும். அதற்குள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும், மேலே ஓடாது. மழையோ ஆடி ஆவணி மாலைகளில் இடியோடு கொஞ்சம் வந்து போகும். ஐப்பசி கார்த்திகையில் வானம் பொத்துக்கொண்டாற்போல் சில நாட்கள் கொட்டும். தை பிறந்துவிட்டால் மேகத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. சில நாட்களில் பெய்வதை வருஷம் முழுவதும் வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்த வேண்டும். மாதச் சம்பளக்காரர்களுக்கு இந்தக் கஷ்டம் புரியும்.

இதற்கு இந்த மண்ணின் பழைய மனிதர்கள் கண்டுபிடித்த வழி மிகவும் எளியது. நிலம் மேற்கிலிருந்து கிழக்கே கடலை நோக்கி மெல்லச் சரிகிறது. கண்ணுக்குத் தெரியாத சரிவு; தண்ணீருக்குத் தெரிந்த சரிவு. அதன் குறுக்கே பிறை வடிவத்தில் ஒரு மண் கரை போட்டால் மேற்கேயிருந்து வருகிற மழைத் தண்ணீர் அங்கே தங்கும். கரைக்கு அடியில் மதகு வைத்தால் வேண்டியபோது வயலுக்குப் பாயும். கரையின் ஓர் ஓரத்தில் கலங்கல் வைத்தால், கொள்ளளவுக்கு மேல் வருகிற தண்ணீர் கரையை உடைக்காமல் வழிந்து வெளியேறும். வழிந்த தண்ணீர் எங்கே போகும்? அடுத்த ஊர் ஏரிக்கு. அது நிரம்பினால் அதற்கடுத்த ஊருக்கு. இப்படியே ஒன்றன் கீழ் ஒன்றாக ஒரு சங்கிலி. காஞ்சிபுரம், செங்கற்பட்டு ஆகிய இரண்டு மாவட்டங்களையும் சேர்த்துப் பார்த்தால், நீர்வளத் துறையின் பொறுப்பில் உள்ள ஏரிகள் மட்டும் 909. ஊராட்சிகளின் வசமுள்ள சிற்றேரிகள், தாங்கல்கள், குளம் குட்டைகள் தனி.

முசரவாக்கத்துப் பக்கம் வயலோரத்தில் நின்றிருந்த பெரியவர் ஒருவரிடம், "உங்கள் ஏரி நிரம்ப எத்தனை நாள் ஆகும், ஐயா?" என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பட்டணத்து ஆசாமி என்று தீர்மானித்திருப்பார். "எங்க ஏரின்னு தனியா இன்னாங்க இருக்குது? மேல ஏரி கலங்கல் பாஞ்சா எங்களுக்குத் தண்ணி. எங்களுது பாஞ்சா கீழ ஊருக்கு. நடுவுல எவனாச்சும் கால்வாய அடைச்சான்னா அல்லாருக்கும் நாமம்" என்றார். நீர்ப்பாசன நிபுணர்கள் நூறு பக்கத்தில் எழுதுகிற விஷயம் இவ்வளவுதான்.

இந்தச் சங்கிலிக்கு வயது என்ன? பல்லவர் காலத்துக்குக் குறையாது. முதலாம் மகேந்திரவர்மனைக் குடைவரைக் கோயில்களுக்காக நாம் கொண்டாடுகிறோம். காஞ்சிக்குத் தெற்கே மாமண்டூரில் அவன் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் ஓர் ஏரியும் இருக்கிறது. சித்ரமேக தடாகம் என்று அதற்குப் பழைய பெயர். அவன் பேரனின் மகனான முதலாம் பரமேசுவரவர்மன், காஞ்சிக்கு வடக்கே உள்ள கூரத்தில் ஒரு சாசனம் விட்டுப் போயிருக்கிறான். கோயிலுக்கு நிவந்தம், மண்டபத்தில் பாரதம் வாசிப்பவனுக்குப் பங்கு, அதோடு பரமேசுவர தடாகம் என்ற ஏரிக்குப் பாலாற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் பெரும்பிடுகு என்ற கால்வாய்! மூன்றும் ஒரே சாசனத்தில் அருகருகே நிற்கின்றன. சுவாமியும் கதையும் தண்ணீரும் ஒரே குடும்பத்துச் செலவுகள் என்று அவன் நினைத்திருக்கிறான்.

எட்டாம் நூற்றாண்டில் நந்திவர்ம பல்லவமல்லன் வெளியிட்ட காசாக்குடிச் செப்பேடு இன்னும் சுவாரஸ்யமானது. சேயாறு, வெஃகா என்னும் வேகவதி, திரையன் ஏரி ஆகியவற்றிலிருந்து கால்வாய் வெட்டித் தண்ணீர் கொண்டுபோகும் உரிமையை அது தருகிறது. திரையன் ஏரிதான் இப்போது தென்னேரி என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். உரிமையைத் தந்ததோடு அது நிற்கவில்லை. அந்தக் கால்வாய்த் தண்ணீரைக் கூடையால் இறைத்துக்கொள்பவனும், கிளைக் கால் வெட்டித் திருப்புகிறவனும், குற்றேத்தம் போட்டு எடுப்பவனும் அரசனுக்குத் தண்டம் கட்ட வேண்டும் என்கிறது. ஆக, தண்ணீர்த் திருட்டு நம் காலத்துக் கண்டுபிடிப்பு அல்ல. திருடனுக்கு ஒரு பயம் இருந்தது என்பதுதான் வித்தியாசம்.

அடுத்து உத்தரமேரூர். பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் அங்கே வெட்டப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகள் பள்ளிப் புத்தகத்திலேயே வந்துவிட்டபடியால் விவரித்துச் சொல்லத் தேவையில்லை. முப்பது குடும்பு, பானைக்குள் ஓலை, பிள்ளை ஒருவன் கை விட்டு எடுப்பது எல்லாம் நமக்குத் தெரிந்ததுதான். ஆனால் அந்த வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம் என்பதும், அதற்கு ஆறு பேர் என்பதும் நம் நினைவில் நிற்பதில்லை. அந்த ஆறு பேருக்கும் மற்ற வாரியத்தாருக்கும் விதித்த நிபந்தனைகளில் ஒன்று, முன்பு பதவியிலிருந்து கணக்குக் காட்டாமல் போனவனுக்கு மறுபடி இடம் இல்லை என்பது. அவனுக்கு மட்டுமல்ல, அவன் உறவினர்களுக்கும் இல்லை! இந்த விதியை நம் காலத்தில் அமல் நடத்தினால் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று கணக்குப் போடுவது இந்தக் கட்டுரையின் வேலை அல்ல.

அந்த ஊரின் ஏரிக்கு வைரமேக தடாகம் என்று பெயர். ஏரி என்றால் வருஷா வருஷம் வண்டல் படியும். வண்டலை எடுக்காவிட்டால் ஐம்பது வருஷத்தில் ஏரி மேடாகி, மைதானமாகி, பிறகு நம் வழக்கப்படி மனைப் பிரிவாகிவிடும். ஆகவே ஏரியில் தூர் எடுப்பதற்கென்றே பொன் வைத்து, நிலம் வைத்து, நெல் வைத்து அறக்கட்டளை ஏற்படுத்திய கல்வெட்டுகள் தமிழ்நாட்டில் பலப் பல. தண்ணீர் நிற்கும்போதே ஓடம் விட்டு மண் அள்ளியிருக்கிறார்கள். கோயிலில் விளக்கு எரிவதற்கு நிவந்தம் வைப்பதுபோல ஏரியில் மண் அள்ளுவதற்கு நிவந்தம். இரண்டிலும் புண்ணியம் உண்டென்று நம்பினார்கள். அந்த நம்பிக்கை பொய்யோ மெய்யோ, ஏரி ஆழமாக இருந்தது மெய்.

அரசன் வெட்டினான், சபை மேற்பார்த்தது, சரி. தினந்தோறும் ஏரியைக் கவனித்தது யார்? நடு ராத்திரியில் மழை கொட்டும்போது லாந்தரோ பந்தமோ எடுத்துக்கொண்டு கரை மீது நடந்தவன் யார்? அவனுக்குச் சம்பளம் கொடுத்தது யார்? இதற்குப் பதில் கல்வெட்டில் இருப்பதைக் காட்டிலும் தெளிவாக ஓலைச் சுவடியில் இருக்கிறது. செங்கற்பட்டுச் சீமை கிழக்கிந்தியக் கும்பினியின் வசம் ஜாகீராக வந்தது 1763-ல். அதை அளந்து கணக்கெடுக்கத் தாமஸ் பர்னார்டு என்ற எஞ்சினீயரை நியமித்தார்கள். 1767-லிருந்து 1774 வரை அவர் சுமார் இரண்டாயிரம் ஊர்களின் விவரத்தைத் திரட்டினார். ஊர்க் கணக்கர்கள் ஓலையில் எழுதிய மூலக் கணக்குகள் தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன.

அந்தக் கணக்குகள் ஒரு நாவலை விட ருசியானவை. நாவல் எழுதிப் பிழைக்கிற நானே இதைச் சொல்லுகிறேன். களத்தில் நெல்லைக் குவித்ததும், சர்க்காருக்கு இவ்வளவு, குடிக்கு இவ்வளவு என்று பிரிப்பதற்கு முன்னாலேயே பொலியிலிருந்து சில பங்குகள் அளக்கப்பட்டன. கோயிலுக்கு, கணக்கனுக்கு, தச்சனுக்கு, கொல்லனுக்கு, வண்ணானுக்கு, நாவிதனுக்கு, காவல்காரனுக்கு. அந்த வரிசையில் ஏரிக்கும் ஒரு பங்கு. தண்ணீர் பாய்ச்சுகிறவனுக்கும் ஒரு பங்கு. நீர்க்கட்டி, கம்புக்கட்டி என்று ஊருக்கு ஊர் அவனுக்குப் பெயர் வேறு. சிலருக்கு நெல், சிலருக்கு மானியமாக நிலம். விளைச்சல் அதிகமானால் அவர்கள் பங்கும் அதிகம். விளைச்சல் பொய்த்தால் அவர்கள் வயிறும் காயும். ஆகவே ஏரி உடையாமலிருப்பதில் அவர்களுக்குச் சொந்த அக்கறை இருந்தது. மேலதிகாரியின் உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் மேலே போவது நியாயம் ஆகாது. பழங்காலம் என்றதும் தேனும் பாலும் ஓடியதாக எழுதுகிற வழக்கம் நம்மிடையே உண்டு. ஏரிக் கரையில் மண் சுமந்தவர்களில் பெரும்பாலோர் சேரியில் இருந்தவர்கள். அவர்களுக்கு நிலம் கிடையாது. ஊர்க் குளத்தில் தாகத்துக்குத் தண்ணீர் மொள்ளும் உரிமையும் கிடையாது. களத்தில் அளந்த படியிலும் கடைசிப் படிதான் அவர்களுக்கு. பல இடங்களில் அதுவும் இல்லாமல், வெட்டி என்ற பெயரில் கூலியற்ற உழைப்பு. உத்தரமேரூர்க் குடவோலையில் பெயர் எழுத வேண்டுமானால் கால் வேலிக்கு மேல் இறை கட்டுகிற நிலமும் சொந்த மனையில் வீடும் இருந்தாக வேண்டும். கரைக்கு மண் சுமந்தவனிடம் இரண்டும் இருந்திருக்காது. ஏரியைக் காத்த ஏற்பாடு மிகத் திறமையானது. அதே சமயம் மிகக் கொடியது. இரண்டும் உண்மை. பின்னால் நடந்தவற்றைப் புரிந்துகொள்ள இரண்டையும் சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1780-ம் வருஷம் செப்டம்பர் 10-ம் தேதி காஞ்சிக்கு அருகே புள்ளலூரில் கும்பினிப் படையைத் திப்பு முறியடித்தார். அது யுத்த சரித்திரம். அதற்கு முன்னும் பின்னும் ஹைதர் அலியின் குதிரைகள் இந்தப் பிரதேசத்தை மிதித்துத் துவைத்தது ஏரிகளின் சரித்திரம். ஜனங்கள் ஊரை விட்டு ஓடினார்கள், கரைகள் உடைந்தன, மதகுகளைச் சீர்செய்ய ஆளில்லை. இந்தச் செய்தி எட்டியது எந்தச் சபைக்கு என்று நினைக்கிறீர்கள்? லண்டன் பார்லிமெண்டுக்கு! 1785 பிப்ரவரி 28-ல் எட்மண்ட் பர்க் ஆர்க்காட்டு நவாபின் கடன்களைப் பற்றிப் பேசும்போது, பர்னார்டு வரைந்த ஜாகீர்ப் படத்தை ஆதாரமாக வைத்துக்கொண்டு, அந்தச் சின்னச் சீமையில் மட்டும் ஆயிரத்து நூறு ஏரிகள் இருப்பதாகச் சொன்னார். இரண்டு மூன்று ஏக்கர் குட்டையிலிருந்து ஐந்து மைல் சுற்றளவுள்ள ஏரி வரை. அவற்றை வெட்டியவர்கள்தாம் உண்மையான அரசர்கள் என்ற கருத்தில் நெடுநேரம் பேசினார். காஞ்சிபுரத்தை ஆயுளில் பார்த்திராத ஓர் ஐரிஷ்காரர்!

அப்புறம் வந்தவர் லயனல் பிளேஸ் துரை. 1794-லிருந்து 1798 வரை ஜாகீரின் கலெக்டர். மனிதர் முரட்டுப் பேர்வழி. மிராசுதாரர்களோடு மல்லுக்கு நின்றார். வரி வசூலில் தயவு தாட்சண்யம் பார்க்கவில்லை. ஆனாலும் வரி வேண்டுமானால் நெல் வேண்டும், நெல் வேண்டுமானால் ஏரி வேண்டும் என்ற கணக்கு அவருக்குப் புரிந்திருந்தது. உடைந்த கரைகளைக் கட்டச் செய்தார். மதுராந்தகத்தில் அவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். வருஷந்தோறும் உடைகிற ஏரிக் கரை ஒரு மழைக் காலத்தில் மறுபடி உடையும் நிலைக்கு வந்ததாம். "உங்கள் ராமர் காப்பாற்றட்டும், நான் தாயாருக்குச் சந்நிதி கட்டித் தருகிறேன்" என்று துரை வேண்டிக்கொண்டாராம். ராத்திரி கொட்டுகிற மழையில் கரை மீது வில்லும் கையுமாக இரண்டு இளைஞர்கள் காவல் நிற்பதைத் தம் கண்ணாலேயே கண்டாராம். ஏரி காத்த ராமர் என்று பெயர் வந்த கதை அது. தாயார் சந்நிதிக் கல்லில் துரையின் பெயர் தமிழில் இருக்கிறது. காஞ்சி வரதருக்கும் அவர் நகை கொடுத்திருக்கிறார். ராமர் வந்தாரோ இல்லையோ, கலெக்டர் ஒருவர் மழை ராத்திரியில் ஏரிக் கரையில் நின்றார் என்ற அளவுக்கு எனக்கு அந்தக் கதை பிடிக்கும்.

பிளேஸ் துரையின் இன்னொரு காரியமும் உண்டு. மதுராந்தகத்துக்கு அருகே வேடந்தாங்கல் ஏரியில் ஆயிரக்கணக்கான பறவைகள் வந்து கூடு கட்டும். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் விளையாட்டாக அவற்றைச் சுட, ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் முறையிட்டார்கள். பறவைகளைக் காக்கும் உரிமையை ஊருக்கு ஒப்புக்கொடுத்து 1798-ல் ஒரு கவுல் எழுதித் தரப்பட்டது. ஊர்க்காரர்களுக்குப் பறவையிடம் இருந்தது வெறும் ஜீவகாருண்யம் என்று நினைக்க வேண்டாம். பறவைகளின் எச்சம் ஏரித் தண்ணீரில் கலக்கிறது. அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாய்கிறது. உரம் போடாமலே நெல் விளைகிறது. ஏரியோ மனிதன் வெட்டியது. அதற்குள் நிற்கிற மரத்தில் பறவை தங்குகிறது, பறவையால் தண்ணீர் சாரமாகிறது, அந்தச் சாரத்தால் மனிதன் பிழைக்கிறான். எது இயற்கை, எது செயற்கை என்று கோடு கிழிக்க வந்தவன் அங்கே திண்டாடிப் போவான். 1998-ல் ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் தூரம் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2020-ல் அந்தத் தூரத்தைச் சுருக்க ஒரு முயற்சி எழுந்தபோது எதிர்ப்பும் பலமாகக் கிளம்பிற்று.

கும்பினி ஆட்சி வேரூன்ற வேரூன்ற, களத்தில் அளந்த பழைய பங்குகள் ஒவ்வொன்றாக மறைந்தன. ரயத்துவாரி முறையில் சர்க்காருக்கும் தனித் தனிக் குடிக்கும் நேர் கணக்கு. நடுவில் ஊர் என்று ஒன்று கிடையாது. ஏரிக்கு இருந்த பங்கும் மானியமும் சர்க்கார் வருமானத்தில் கரைந்தன. ஆனால் கரையை அடைக்கிற கடமை மட்டும் ஜனங்களுடையது என்றார்கள்! குடிமராமத்து என்று அதற்குப் பெயர். பங்கு போன பிறகு கடமைக்கு யார் வருவார்கள்? வரவில்லை. ஆகவே 1858-ல் சட்டம் போட்டார்கள். கட்டாய உழைப்புச் சட்டம் என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். மறைத்துச் சொல்கிற நாகரிகம் அந்தக் காலத்தில் இல்லை. வேலைக்கு வராதவனிடம் அந்த வேலையின் மதிப்பைப் போல இரண்டு மடங்கு வசூலிக்கலாம். முன்பு வழக்கமாகவும் கொடுமையாகவும் இருந்தது, இப்போது பங்கு போய்ச் சட்டமாகவும் கொடுமையாகவும் ஆயிற்று. அந்தச் சட்டம் சரியாக வேலை செய்யவில்லை. அதைப் பற்றி எனக்கு வருத்தமும் இல்லை. சேரிப் பிள்ளை பள்ளிக்கூடம் போக வேண்டும், கரைக்கு மண் சுமக்க வேண்டியதில்லை என்பது நல்ல மாறுதல். நம் தவறு வேறு இடத்தில். அவன் செய்துவந்த வேலையை நியாயமான கூலிக்கு யார் செய்வது என்ற கேள்வியை நாம் கேட்கவே இல்லை. சுதந்தரம் வந்த பிறகும் கேட்கவில்லை.

கேட்காமலிருக்க ஒரு வசதியும் வந்து சேர்ந்தது, மின்சாரப் பம்புசெட். முதலில் கிணறு, பிறகு ஆழ்துளைக் கிணறு. 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், பிறகு எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமாயிற்று. பொத்தானைத் தட்டினால் தண்ணீர்! மேல ஏரி கலங்கல் பாய்ந்தால் என்ன, பாயாவிட்டால் என்ன? நீர்க்கட்டியின் தயவு எதற்கு? பட்ட பாட்டுக்கு அந்த நிம்மதி உழவனுக்கு நியாயமாகக் கிடைக்க வேண்டியதுதான். ஆனால் கிணற்றுக்கு ஊறுகிற தண்ணீர் ஏரியில் நின்று இறங்கிய தண்ணீர்தான். ஏரியைக் கைவிட்டவன் சில வருஷம் கழித்துக் கிணற்றை இன்னும் நூறு அடி இறக்கினான். அவன் பக்கத்து வயல்காரனும் இறக்கினான். நிலம் உள்ளவனில் பணம் உள்ளவன் ஜெயித்தான். கிணறு வெட்ட வக்கில்லாதவனுக்கு ஏரிதான் கதி. அந்த ஏரிக்கோ பரிந்து பேச ஊரில் பெரிய மனிதர் யாரும் மிஞ்சவில்லை.

பாலாற்றின் கதை இதை விடத் துக்கமானது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கங்களில் தோல் பதனிடும் தொழில் பெருகிற்று. உலகத்துக் கால்களுக்கெல்லாம் செருப்புப் போயிற்று. தோல் பதனிட்ட உப்பும் குரோமியமும் ஆற்று மணலுக்குள் போயின. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ பாழ்பட்டதாகக் கணக்கு அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. கெடுத்தவனே ஈடு கட்ட வேண்டும் என்ற விதியை நம் நாட்டில் நிலைநாட்டிய தீர்ப்புகளில் முக்கியமானது அது. சட்ட மாணவர்கள் எல்லாரும் மனப்பாடம் செய்கிறார்கள். 2025 ஜனவரியிலும் அதே பாலாற்றைப் பற்றி அதே சுப்ரீம் கோர்ட் மறுபடி தீர்ப்புச் சொல்ல நேர்ந்தது என்றால், முதல் தீர்ப்பு எவ்வளவு தூரம் ஆற்றங்கரை வரை போய்ச் சேர்ந்தது என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். மணலையும் அள்ளிக் கொண்டுபோனோம். மேலே ஓடாத ஆற்றுக்கு மணல்தான் பாத்திரம். பாத்திரத்தை எடுத்துக்கொண்டுபோய் மாடி வீடு கட்டிவிட்டுத் தண்ணீர் எங்கே என்று கேட்கிறோம். 2021 நவம்பரில் விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் அந்த ஆற்றில் வெள்ளம் போயிற்று. பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தோம், கடலுக்குப் போயிற்று.

காஞ்சி நகரத்துக்குள் வேகவதியை வந்து பாருங்கள். பிரம்மா செய்த வேள்வியை அழிக்கச் சரஸ்வதி கோபத்தோடு நதியாகப் பாய்ந்து வந்தாள், பெருமாள் குறுக்கே படுத்து அணையாக நின்றார் என்பது தலபுராணம். வேகவணை என்ற சொல்லே வெஃகணை ஆயிற்று என்பார்கள். திருவெஃகாவில் அவர் இன்னும் படுத்திருக்கிறார். கோபத்தோடு வந்தவளைத் தடுத்தவருக்கு, சாக்கடையாக வருகிறவளைத் தடுக்க வழி தெரியவில்லை போலும். நகரத்துக் கழிவோடு பட்டுச் சாயப் பட்டறைகளின் கழிவும் அதில் சேர்கிறது. கச்சாப் பட்டைச் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வைத்து அதன் பசையை நீக்க வேண்டும், பிறகு சாயம், பிறகு அலசல். ஒவ்வொன்றுக்கும் தண்ணீர். காஞ்சிப் பட்டின் நூல் பெங்களூர்ப் பக்கத்திலிருந்து வருகிறது, ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது. தண்ணீர்தான் உள்ளூர்ச் சரக்கு. பாலாற்றுத் தண்ணீர் பட்டால் பட்டுக்கு ஒளி கூடும் என்று நெசவாளிகள் சொல்வதுண்டு. நெசவாளியையும் சாயக்காரனையும் குற்றம் சொல்லி என்ன பயன்? முகூர்த்தப் புடவையில் அந்த ஒளி குறையாமல் பார்க்கிற கண்கள் நம்முடையவை. விலை மட்டும் குறைய வேண்டும் என்கிற வாயும் நம்முடையதே.

சென்னைவாசிகளுக்கு இதெல்லாம் தொலைதூரத்துச் சமாச்சாரமாகத் தோன்றலாம். தியாகராய நகரில் குடியிருக்கிறவர்கள் தங்கள் வீட்டுப் பத்திரத்தைக் கொஞ்சம் பின்னோக்கிப் புரட்டட்டும். 1920-களில் மாம்பலம் பெரிய ஏரியைத் தூர்த்து எழுந்த பேட்டை அது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒரு தெரு இருக்கிறது. ரோடு இருக்கிறது, வியூவும் இல்லை, லேக்கும் இல்லை. 1976-ல் எழும்பிய வள்ளுவர் கோட்டம் நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் நிற்கிறது. 2015 டிசம்பர் ஆரம்பத்தில் அடையாறு கரை புரண்டபோதும், புறநகர் ஏரிகள் வழிந்தபோதும், தண்ணீர் புதிதாக ஒரு வழியையும் தேடவில்லை. பழைய கலங்கல் எது, வாய்க்கால் எது என்பது அதற்கு ஞாபகம் இருந்தது. நான்கே வருஷத்தில், 2019 கோடையில், அதே நகரம் குடமும் கையுமாக லாரிக்குக் காத்து நின்றது. அந்த வருஷ ஜூலையில்தான் காஞ்சி அனந்தசரஸ் குளத்திலிருந்து அத்தி வரதர் நாற்பது வருஷத்துக்குப் பிறகு வெளியே வந்தார். தண்ணீருக்கடியில் வாசம் செய்கிற மூர்த்தியைத் தரிசிக்கப் போன லட்சோப லட்சம் பேரில் பலர் தண்ணீரில்லாத வீடுகளிலிருந்து புறப்பட்டவர்கள்.

அரசாங்கம் சும்மா இருந்துவிடவில்லை. 2017 மார்ச்சில் குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே ஏரிகளைச் சீரமைக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். தொடங்கிய இடமும் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்து மணிமங்கலம் ஏரிதான். பல ஏரிகளில் மண் எடுத்தார்கள், மதகு புதுப்பித்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் ஒரு வருஷம் மண் எடுத்தால் போதுமா? அடுத்த வருஷத்து மழை ராத்திரியில் கரை மீது நடக்கிறவன் யார், அவனுக்குப் படி எங்கேயிருந்து வரும் என்பதற்கு அந்தத் திட்டத்தில் நிரந்தரமான ஏற்பாடு இருக்கவில்லை.

2022 ஆகஸ்டில் சென்னைக்கு இரண்டாவது விமான நிலையத்துக்குப் பரந்தூரைத் தேர்ந்தெடுத்ததாக அறிவிப்பு வந்தது. காஞ்சிபுரத்தை அடுத்த பூமி. ஏகனாபுரம் முதலிய ஊர் ஜனங்கள் அன்றிலிருந்து போராடி வந்திருக்கிறார்கள். கிராம சபையில் தீர்மானத்தின் மேல் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். விமானம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. நானும் ஏறிப் பறந்தவன்தான். அந்த நிலத்துக்குள் ஏரிகளும் தாங்கல்களும் இருக்கின்றன. பாலாற்றுத் தண்ணீரை ஸ்ரீபெரும்புதூர் ஏரி வரை வழி நெடுகப் பல ஏரிகளுக்கு ஊட்டிக்கொண்டு போகும் கம்பன் கால்வாய் அதன் ஊடே போகிறது. நஞ்சைக்கு இவ்வளவு, புஞ்சைக்கு இவ்வளவு, வீட்டுக்கு இவ்வளவு, மரத்துக்கு இவ்வளவு என்று ஈட்டுத் தொகை கணக்கிடுகிறார்கள். ஏரி மட்டும் புறம்போக்கு. அதற்குப் பட்டாதாரர் கிடையாது. ஆகவே ஈடு வாங்கிக்கொள்ள வேண்டியவரும் கிடையாது. அந்தக் கால்வாய்க்குக் கீழே, எல்லைக் கல்லுக்கு வெளியே உள்ள ஊர்களின் பெயர்கள் எந்தப் பட்டியலிலும் வரவில்லை.